நர்ஸக்காவுக்கு ஒரு கடிதம்

நர்ஸக்கா செத்துத்தான் போயிருக்க வேண்டும். உயிரோடு இருந்தால் அவளுடைய வலைத்தளம் இந்த முதலாளியம்மா கையில் வந்து சிக்கியிருக்குமா?

முதலாளியம்மா இணையத்தில் குழந்தைகளுக்கான பால்பவுடர் டப்பா விற்கிறவள். தேடினால் கடை ஒன்பதாவது பக்கத்தில் கிடந்தது. ஒன்பதாவது பக்கத்தை எவன் பார்க்கிறான்? அதை முதல் பக்கத்துக்கு இழுத்து வருவதுதான், அவளிடம் சம்பளத்துக்கு இருக்கிற இவளுக்கு வேலை.

இழுக்கிற வழிதான் குமட்டியது. நாலு பேர் நம்புகிற பழைய தளமாகப் பார்த்து வளைத்துப்போட வேண்டும். உள்ளே இருப்பதையெல்லாம் வழித்தெறிந்துவிட்டு, அங்கே வருகிறவர்களைக் கடைப்பக்கம் திருப்பிவிட வேண்டும். அந்தத் தளத்தின் நல்ல பேர் கடைக்கு ஒட்டிக்கொள்ளும், கடை மேலே ஏறும். போன மாதம், செத்துப்போன ஒரு குழந்தை டாக்டரின் தளத்துக்கு இந்தக் கதி. இந்த மாதம் நர்ஸக்கா.

சொந்தப் பேரைக்கூடப் போடாமல், ‘நர்ஸக்கா’ என்று மட்டும் எழுதிப் பன்னிரண்டு வருஷம் தாய்மார்களுக்குப் பதில் சொன்னவள். ஆறு வருஷத்துக்கு முன் இவளே எழுதிக் கேட்டிருக்கிறாள், பால் போதவில்லை, தான் அம்மாவாக இருக்கவே லாயக்கில்லை என்று. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: “அழாதே கண்ணு. பிள்ளையைத் தூக்கி மடியில வை. சொல்றேன்.”

அந்தப் பதில் இன்னும் தளத்தில் இருக்கிறது. அதை இவள் கையாலேயே அழிக்க வேண்டுமாம். தாய்ப்பாலைப் பற்றிக் கேட்டு வருகிறவளிடம் டப்பாவை நீட்ட வேண்டுமாம். தூ!

விறுவிறுவென்று முதலாளியம்மாவின் அறைக்குள் போனாள். அங்கே கணக்கெழுதும் பெண் தன் கைக்குழந்தையோடு திண்டாடிக்கொண்டிருந்தாள். அது வீறிட்டு அழுதது. முதலாளியம்மா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே அதை வாங்கி, முன்கையில் குப்புறப் போட்டு முதுகைத் தடவினாள். அழுகை நின்றுவிட்டது.

“அழிச்சாச்சா?” என்றாள்.

இவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். அந்தத் தளம் இல்லாவிட்டால் தன் பிள்ளை தேறியிருக்காது, இனிமேல் அழுதுகொண்டு வருகிறவள் எங்கே போவாள், இப்படிப் பிழைப்பதற்குப் பிச்சை எடுக்கலாம், வேலை போனாலும் போகட்டும், தன்னால் அழிக்க முடியாது என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

முதலாளியம்மா கொட்டாவி விட்டாள். “வந்தவ எல்லாம் நன்றி நன்றின்னு எழுதிட்டுப் போனா. ஒருத்தியாவது காலணா குடுத்தாளா?”

“நர்ஸக்கா மட்டும் உயிரோட இருந்தா உங்க மூஞ்சியில காறித் துப்புவாங்க மேடம். எங்கயாவது இருந்தாங்கன்னா தேடிப் பிடிச்சு, நீங்க பண்றதை எல்லாம் அவங்களுக்கு எழுதத்தான் போறேன்.”

குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அதை அலுங்காமல் தாயிடம் கொடுத்துவிட்டு முதலாளியம்மா சிரித்தாள்.

“எழுது கண்ணு. அப்பவும் நான்தானே பதில் போட்டேன்.”