குடாக்கடலில் ஒரு காலை

வள்ளத்துறையில் காலை வெயில் தண்ணீரின்மேல் சில்லுச்சில்லாக உடைகிறது. மன்னாரிலிருந்து வந்திருக்கும் பிலோமினாவின் தங்கை சீலாவுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் காட்டியாயிற்று, கோணேசர் மலையையும் காட்டியாயிற்று. இனிக் குடாக்கடல்தான் மிச்சம். பிலோமினா அவளோடு வள்ளத்தில் ஏறி அமர்ந்துவிட்டாள். பிலோமினாவின் கணவர் சந்தியாப்பிள்ளை மட்டும் கரையிலேயே நிற்கிறார். அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலில் தம்பியைக் கடல் கொண்டுபோன பிறகு, இந்த மூன்று வருஷமாக அவர் கடலில் காலே வைத்ததில்லை. "இஞ்சாருங்கோ, ஏலாதெண்டா விடுங்கோ. நாங்கள் போட்டு வாறம்," என்கிறாள் பிலோமினா. வற்புறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. வள்ளக்காரர் ஸைனுலாப்தீன் கயிற்றைப் பிடித்தபடி காத்திருக்கிறார். சந்தியாப்பிள்ளை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வருகிறார். வள்ளத்தின் விளிம்பைப் பற்றிக் கொஞ்சநேரம் அப்படியே நின்றுவிட்டு, ஒரே தாவலில் ஏறுகிறார். வள்ளம் ஆடி நிமிர்கிறது.

எஞ்சின் படபடக்க, கரை மெல்ல விலகுகிறது. உப்புக்காற்று சேலைத் தலைப்புகளை இழுக்கிறது. "அத்தான், அங்கால பச்சையாத் தெரியிறது என்ன இடம்?" என்று சீலா கேட்கிறாள். "அது சம்பூர். அதுக்கு நேரதான் நானும் தம்பியும் பாரை மீன் பிடிக்கிறனாங்கள்," என்கிறார். இத்தனை நாளில் தம்பியின் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. பிலோமினா அவரைத் திரும்பிப் பார்க்கிறாள். அவரோ குனிந்து, ஒரு கை கடல்நீரை அள்ளி முகத்தைக் கழுவிவிட்டு, வள்ளக்காரரைப் பார்த்து, "நானா, இன்னும் கொஞ்சம் வெளியால விடுங்கோ. பிள்ளை வடிவாப் பாக்கட்டும்," என்கிறார்.