கூடவே விட்ட மூச்சு

1978, மார்கழி. விடிந்ததுமே வடிவுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. மன்னவனூர்க் குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டு ராக்கம்மா வந்துவிட்டாள். ஊரில் யாருக்குப் பிரசவம் என்றாலும் துணைக்கு இருப்பவள் அவள்தான்.

"பயப்படாத தாயி. ஒங்கூட நானும் மூச்சு விடுறேன், பாரு."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சை மெல்ல இழுத்து விட்டாள். வடிவுக்கு வலி இல்லாத நேரத்திலும், "பழகிக்க" என்று செய்து காட்டினாள்.

வடிவின் கணவன் ஞானவேல் வாசலிலேயே நின்றான்.

"அங்க என்ன சோலி தம்பி? வெரசா வந்து இவ இடுப்ப நீவி விடுங்க."

அவனும் வந்து நீவினான்.

மதியத்துக்குள் நர்ஸம்மா வந்து பிரசவம் பார்த்தார். பெண் குழந்தை. பையை மூடப்போனவரை ராக்கம்மா தடுத்தாள்.

"மூடிறாதீங்கம்மா. எனக்கும் வெள்ளனே வலி கண்டுருச்சு."

ஞானவேல் பதறினான். "ஒங்களுக்கு அடுத்த மாசம்னுல்லக்கா சொன்னீங்க!"

"காலையிலேயே சொல்றதுக்கென்ன?" என்றார் நர்ஸம்மா.

"சொன்னா இவ பயந்துருப்பாம்மா."

பாயில் கிடந்த வடிவு கையை நீட்டினாள். "இங்கிட்டு வந்து படுங்கக்கா. இப்ப நான் ஒங்ககூட மூச்சு விடுறேன்."