தட்டியில் இருக்கும் பெண்

பொன்சுதாவின் போன் எண்ணைப் பேராசிரியர் அழுத்திவிட்டார். மணி அடிக்கிறது. இனி பின்வாங்க முடியாது.

எதிரே அப்பாவும் மகளும்.

அப்பா மினிபஸ் ஓட்டுகிறவர். நடுவில் ஒரு நடையை விட்டுவிட்டுக் காக்கிச் சட்டையோடே வந்திருந்தார். மகள் சங்கரிக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அவளோ இதழியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

"படிச்சா வேலை கெடைக்குமா சார்?"

அந்த மனிதர் கேட்டது இந்த ஒரு கேள்விதான்.

இவர் இதழியல் துறைத் தலைவர். துறையில் வேறு ஆள் இல்லாததால் தலைவர். இந்த வருடமும் பிள்ளைகள் சேராவிட்டால் துறையை இழுத்து மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஐம்பது தாண்டிய பிறகு வேறு எந்தக் கல்லூரி வாசலில் போய் நிற்பது?

வாசலைக் கைகாட்டினார்.

அங்கே ஆளுயரத்துக்கு ஒரு விளம்பரத் தட்டி. அதில் பொன்சுதா மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். 'எங்கள் மாணவி, இன்று தொலைக்காட்சி நிருபர்.'

அந்த 'இன்று' முடிந்து ஒரு வருடமாகிறது.

சென்னையில் அந்தத் தொலைக்காட்சி ஆட்களைக் குறைத்தபோது முதலில் வெளியே வந்தவர்களில் அவளும் ஒருத்தி. ஊருக்குத் திரும்பிவிட்டாள். இப்போது டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறாள். அவளே வந்து சொல்லிவிட்டுப் போனாள். இவரும் உச்சுக் கொட்டிக் கேட்டுக்கொண்டார்.

தட்டியை மட்டும் கழற்றவில்லை.

கழற்றலாம். கழற்றிவிட்டு யார் படத்தை வைப்பது?

அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருக்கலாம். மற்றவர்கள் அப்படித்தான் போனார்கள்.

"அந்தப் புள்ளைட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டா மனசு நிம்மதியாயிரும் சார்" என்றார்.

சம்பந்தப்பட்டவரிடமே கேள் என்பது இவர் முதல் நாள் நடத்துகிற பாடம். இன்றைக்கு அது இவர் தலையிலேயே வந்து விழுந்தது.

எண் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எடுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்க்கா பஞ்சம்? அவளாவது உண்மையைச் சொல்லித் தொலைக்கட்டும் என்றுதான் அழுத்தினார். தான் சொல்ல வேண்டியதை அவள் தலையில் கட்டுகிறோம் என்பது தெரிந்தே செய்தார். வெட்கமாக இருந்தது.

"சொல்லுங்க சார்."

ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். "நம்ம துறையில மகளச் சேக்க வந்திருக்காங்கம்மா. உன்ட்ட ஒரு வார்த்தை கேக்கணுமாம்."

அப்பா போனை நோக்கிக் குனிந்தார். "எம்மா, நீ டிவில இருக்கியாம்லா. எம்மவள இதுல சேக்கலாமா?"

கடைச் சத்தம்தான் வந்தது. யாரோ மாம்பழக் கலரில் காட்டச் சொன்னார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. ஒலிபெருக்கியில் ஆடித் தள்ளுபடி அறிவிப்பு.

அப்பாவின் நெற்றி சுருங்கியது. "என்னம்மா ஒரே சத்தமா கெடக்கு?"

இவர் கண்ணை மூடிக்கொண்டார். இதோ சொல்லப் போகிறாள். சொல்லட்டும்.

"ஜவுளிக்கடைல இருக்கேன் ஐயா."

ஒரு மூச்சு.

"ஆடிக் கூட்டம்லா, செய்தி எடுக்க வந்தேன். பயப்படாமச் சேத்து விடுங்க. சார் பாத்துக்கிடுவாங்க."

அப்பாவின் முகம் மலர்ந்தே போனது. வேலை நேரத்தில் தொந்தரவு பண்ணிவிட்டோமே என்று பதறி எழுந்தார். போனைப் பார்த்து ஒரு கும்பிடு. இவரைப் பார்த்து ஒரு கும்பிடு. சங்கரி அழுகையும் சிரிப்புமாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அலுவலகம் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு இருவரும் போனார்கள்.

நில்லுங்கள் என்று ஒரு சொல் போதும்.

வாய் வரவில்லை.

போன் இன்னும் அணையவில்லை. அவள் கூட்டத்தைவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும். சத்தம் குறைந்திருந்தது.

வகுப்பில் மைக் பிடித்துப் பழகிய நாட்களில், பேசி முடித்ததும் அவள் இவர் முகத்தைத்தான் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் ஒன்றையே கேட்பாள். இப்போதும் அதையே கேட்டாள்.

"சரியாச் சொன்னேனா சார்?"

இவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நல்லாச் சொன்னம்மா" என்றார்.

பக்கத்து அலுவலகத்தில் சங்கரி தன் பெயரை இனிஷியலோடு சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.