கேட்டில் மூன்று பூட்டு

"மூணு பூட்டு, மூணு சாவி. இவன்கிட்ட இருந்தது ஒரே ஒரு சாவி. அப்புறம் எப்படிங்க கேட்டைத் திறந்தான்?"

டயர் கடை ட்ராவிஸ் கேட்டான். ஜூரி அறை மேசைமேல் சாட்சிப் பொருள்கள் கிடந்தன: ஒரு சங்கிலி, மூன்று பூட்டுகள், சாவிகள், போலீஸ் எடுத்த புகைப்படம்.

மூன்று பண்ணைகளுக்குப் பொதுவான கேட். அதைத் தாண்டிப் போனால்தான் திருட்டு நடந்த கொட்டகை. வண்டியில்லாமல் கொண்டுபோக முடியாத ஜெனரேட்டரும் குதிரைச் சேணமும் அங்கிருந்து காணாமல் போயிருந்தன. மற்ற இரண்டு பண்ணைக்காரர்களும் சாவியோடு அல்புகர்க்கியில் மாட்டு ஏலத்தில் இருந்ததாகச் சொன்னார்கள். மிச்சம் நெஸ்டர் அர்ச்சுலேட்டா. குற்றவாளி என்று முடிவானால் அவனுக்கு ஆறு மாதம் ஜெயில். அவன் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி.

"டயருக்குக் காத்தடிக்கிறவனுக்கு மாட்டுக்காரன் பூட்டு எங்கே புரியும்!" என்று சிரித்தார் ஜூரித் தலைவர் ஹார்லன். ஊரில் தீவனக் கடை வைத்திருப்பவர். "இங்க பாருடா. சங்கிலியோட இந்த முனையில ஒரு பூட்டு, அந்த முனையில ஒரு பூட்டு, நடுவுல நெஸ்டரோடது. மூணும் கைகோத்து நிக்குது. எந்த ஒண்ணு கையை விட்டாலும் கேட் தொறந்துக்கும். ஒரு சாவி போதும்."

"அடேங்கப்பா! அப்போ இவன்தான்."

"இவனேதான்."

ரமோனா புகைப்படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சட்டென்று அவள் கண் ஓரிடத்தில் நின்றது. அவள் அப்பா மாடு வளர்த்தவர். இப்படிப்பட்ட கேட்டை அவள் நூறு தடவை திறந்திருக்கிறாள். படத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

நெஸ்டர் திருடவில்லை.

அவள் வாயைத் திறக்கவில்லை.

"சீக்கிரம் முடிங்க தலைவரே, கடையில ஆளில்லை," என்றான் ட்ராவிஸ். "டெக்சாஸ்ல என் மச்சானுக்கு இப்படித்தான் ஜூரிக்கு வரச்சொல்லி ஓலை வந்துச்சு. 'எனக்கு இங்கிலீஷ் வராது'ன்னு கையை விரிச்சான். வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"நம்ம நியூ மெக்சிகோவுல அந்தப் பருப்பு வேகாது. சரி, ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

சுற்றி வந்தது. குற்றவாளி. குற்றவாளி. குற்றவாளிதான்.

மேசையின் கடைசியில் ரமோனாவும், பக்கத்தில் செம்மறியாட்டுப் பண்ணை டெல்ஃபினாவும். டெல்ஃபினா தலையைச் சாய்த்து ரமோனாவின் காதருகே ஏதோ சொன்னாள்.

ரமோனா நிமிர்ந்தாள். "எனக்கும் குற்றவாளின்னுதான் தோணுது," என்றாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். அந்த வார்த்தை நாக்கில் நெருப்பாகச் சுட்டது.

ஹார்லன் குறித்துக்கொண்டார். எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

டெல்ஃபினா மறுபடியும் ரமோனாவின் முழங்கையைத் தொட்டாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் ரமோனா. "அந்தப் படத்தைப் பார்க்காம ஒருத்தனை உள்ளே தள்ள எனக்கு மனசு வரலை. இப்படிக் குடுங்க."

"இன்னுமா?" என்று ட்ராவிஸ் தலையில் அடித்துக்கொண்டான். ஹார்லன் படத்தை நகர்த்தினார்.

டெல்ஃபினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அவள் விரல் படத்தின்மேல் மெல்ல ஊர்ந்தது. ரமோனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். தன் பார்வைகூட அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

விரல் நின்றது. டெல்ஃபினா நிமிர்ந்தாள், மூச்சுவிடாமல் பேசினாள்.

ரமோனாவின் முகம் மலர்ந்தது. "ஹார்லன், படத்துல இருக்கிற மாதிரியே பூட்டுங்களை மாட்டுங்க," என்றாள். "அப்படியே, அச்சு அசலா."

ஹார்லன் படத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டினார். இடது பூட்டை வலது பூட்டோடு நேராகக் கோத்தார். நெஸ்டரின் பூட்டு இரண்டுக்கும் நடுவில் வரவில்லை. வலது பூட்டின் வளையத்தில், காதில் போட்ட தொங்கட்டான் போலச் சும்மா தொங்கியது.

"இப்போ நெஸ்டரோட சாவியால தொறங்க."

திறந்தார். பூட்டு கையோடு வந்தது. சங்கிலி அசையவில்லை.

ட்ராவிஸ் சங்கிலியை இழுத்துப் பார்த்தான்.

"திருட்டு தெரிஞ்சதுல இருந்து போலீஸ் படம் எடுக்கிற வரைக்கும் யாரும் கேட்டைத் தொடலைன்னு சாட்சி சொன்னாங்க; போலீஸ்கூட ஏறிக் குதிச்சுத்தான் உள்ளே போனாங்க," என்றாள் ரமோனா. "இப்படி மாத்தி மாட்டணும்னா மத்த ரெண்டு சாவியில ஒண்ணு கையில இருக்கணும். அந்தப் பையனோட சாவி அவனுக்கே உதவாது. ஏலத்துக்குப் போனேன்னு சொன்னவங்கள்ல யாரோ திரும்பி வந்திருக்காங்க. நான் என் ஓட்டை மாத்திக்கிறேன்."

"அடப்பாவி," என்று ஹார்லன் நெற்றியைத் தேய்த்தார். "முப்பது வருஷமா இந்தப் பூட்டுங்களை விக்கிறேன். என் கண்ணு எங்கே போச்சு?"

ட்ராவிஸ்தான் முதலில் சொன்னான்: "நிரபராதி." அடுத்தடுத்து எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் ஹார்லன்.

காகிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு அவர் எழுந்து வந்தார். "கையைக் குடுங்கம்மா. நீங்க இல்லேன்னா பாவம் செஞ்சிருப்போம்," என்று ரமோனாவைத் தாண்டிப் போய், டெல்ஃபினாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதையும் ரமோனா ஸ்பானிஷில் சொன்னாள். ஜூரிகள் ஆறு பேர்தான். ஆங்கிலம் தெரியாத ஆறாவது ஜூரி டெல்ஃபினாவுக்காக, 'கேட்டதை அப்படியே சொல்வேன், என் கருத்தாக ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன்' என்று சத்தியம் செய்து உள்ளே வந்த மொழிபெயர்ப்பாளர் அவள்.