ஒற்றை விசில்

"வெட்கப்படாம உள்ள வா தம்பி. இங்க வர்ற ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒரே கதைதான்" என்று கண்டக்டரின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குள் நுழைந்தார் டிரைவர்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "எப்படி இருக்கீங்க? சிகிச்சை முடிஞ்சு ரெண்டு மாசம் இருக்குமே?"

"அடைப்பெடுத்த குழாய் மாதிரி இருக்கேன் டாக்டர். ஒரு மாசம் லீவு போட்டேன், ஒரு மாசமா வண்டி ஓட்டுறேன். இன்னைக்கு இவனுக்காக வந்தேன். என் பஸ் கண்டக்டர். எனக்கு இருந்த அதே ப்ராஸ்டேட் வீக்கம் இவனுக்கும்."

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. வாங்க, போயிடலாம்."

"கேட்டீங்களா டாக்டர்? நானும் இப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

விஷயம் சிரிப்பாகத் தொடங்கி வினையாக முடிந்திருந்தது. தூரப் பயணப் பேருந்து அது. நடுவழியில், ஊரும் இல்லாத பேரும் இல்லாத இடத்தில் கண்டக்டர் ஒற்றை விசில் ஊதுவார். ஒற்றை விசில் என்றால் நிறுத்து. வண்டி நின்றதும் இறங்கிப் புதரைப் பார்த்து ஓடுவார். "கண்டக்டர் வழி நெடுக மரம் வளர்க்கிறாரு" என்று பயணிகள் கிண்டலடித்தார்கள், பிறகு புகார் எழுதினார்கள். அந்தப் புகார்களெல்லாம் ஆமை வேகத்தில் மேலே போய், மேலே தூங்கி, இப்போதுதான் டிப்போ மேனேஜரிடம் திரும்பி வந்திருந்தன. வியாதி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மன்னிப்பு. இல்லாவிட்டால் இனி டிப்போவில் பஸ் கழுவ வேண்டியதுதான். கேட்டதிலிருந்து டிரைவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பன்னிரண்டு வருடமாக ஒரே வண்டியில் போகிறவர்கள் அவர்கள்.

"பயப்படாதே" என்று டிரைவர் பாடம் நடத்த ஆரம்பித்தார். "அந்தக் காலம் மாதிரி கத்தியைத் தூக்க மாட்டாங்க. சுரப்பி பெருத்துப் போய் மூத்திரக் குழாயை நெரிக்குது. குட்டி கிளிப் போட்டு, திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டுற மாதிரி ரெண்டு பக்கமும் ஒதுக்கி வைக்கலாம். இல்லேன்னா மணிக்கட்டு வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டு, சுரப்பிக்குப் போற ரத்தத்தை அடைச்சிடலாம். தீனி இல்லேன்னா சுருங்கித்தானே ஆகணும்? லேசரும் இருக்கு. எனக்குப் பண்ணது நீராவி, சுரப்பிக்குள்ள ஆவியைப் பாய்ச்சிச் சுருங்க வைக்கிறது. ஒரு தையல் கிடையாது, சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டேன். கொஞ்ச நாள் மூத்திரம் போறதுக்குக் குழாயும் பையும் மாட்டிக்கிட்டுத் திரியணும், அது இம்சைதான். அப்புறம் மெல்ல மெல்ல வழி விட்டுடும்."

"என் நாற்காலிக்கே ஆபத்து போலிருக்கே" என்றார் டாக்டர். "ஆனா சுரப்பியோட அளவையும் அமைப்பையும் பார்த்துத்தான் யாருக்கு எதுன்னு சொல்ல முடியும்." பிறகு கண்டக்டரிடம் திரும்பி, "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"படுத்தா விடிஞ்சுதான் டாக்டர்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறான். நாலு தடவைன்னு எழுதிக்குங்க" என்றார் டிரைவர்.

கண்டக்டர் ஸ்கேன் அறைக்குப் போனதும் டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "பாவம் டாக்டர். இந்த ஆஸ்பத்திரியைப் பத்தி எனக்குச் சொன்னதே அவன்தான். யாரோ பயணி சொன்னாருன்னு ஒரு நாள் பூரா இதே பேச்சு. சொன்னவன் வரல, கேட்டுட்டிருந்த நான் வந்தேன். டிரைவருக்கு இப்படின்னு தெரிஞ்சா ஸ்டியரிங்கைப் பிடுங்கிடுவாங்களேன்னு யாருக்கும் சொல்லாம வந்தேன். ஆனா ஒண்ணு, அவ்வளவு வேதனையிலயும் எனக்காக ஒரு தடவை கூட வண்டியை நிறுத்தினதில்ல. அவன் நிறுத்துறப்போ நானும் சும்மா இறங்கிட்டு வருவேன், அவ்வளவுதான்." சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பரிசோதனைகள் முடிந்தன. டாக்டர் திரையை இரண்டு முறை பார்த்தார்.

"சுரப்பி இயல்பான அளவுலதான் இருக்கு. சிறுநீர் போற வேகமும் பிரமாதம். சர்க்கரையும் இல்ல. இவருக்கு எந்த வியாதியும் இல்லங்க. இருக்குன்னு நான் எழுதித் தர முடியாது."

டிரைவரின் முகம் விழுந்தது. அடுத்த நிமிடம் கோபம் வந்தது. "அப்போ எதுக்குத் தம்பி வண்டியை நிறுத்தி நிறுத்தி மானத்தை வாங்கின? மேனேஜர் கேட்டா என்ன சொல்லுவ? கண்டக்டர் வேலையே போயிடும், தெரியுதா?"

கண்டக்டர் சட்டைப் பையிலிருந்த விசிலைத் தொட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"கடைசியா எப்போ நிறுத்தினீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நேத்துகூட..." என்று முந்திக்கொண்ட டிரைவர் பாதியில் நின்றார். நேற்று இல்லை. போன வாரமும் இல்லை. தன் உபாதை தீர்ந்த சந்தோஷத்தில் அவர் கவனிக்கவே இல்லை. லீவு முடிந்து வந்த நாளிலிருந்து நடுவழியில் ஒரு ஒற்றை விசில்கூடக் கேட்கவில்லை.

"அவசரம் வந்தா உங்க இடது கால் ஆட ஆரம்பிச்சிடும்ணே" என்றார் கண்டக்டர் மெதுவாக. "டிரைவர் நிறுத்தினா வேலை போகும். கண்டக்டர் நிறுத்தினா சிரிக்கத்தானே செய்வாங்கன்னு நினைச்சேன்."

 டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தார்.

"வியாதி இருந்ததுன்னும் குணமாயிடுச்சுன்னும் எழுதுங்க டாக்டர். என் பேர்ல."