இருநூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ்கள்

இன்றைக்கு அந்த ஆய்வு மாணவி அழவில்லை. பேராசிரியருக்கு அதுவே பெரிய நிம்மதி.

மூன்று வாரமாக ஒரே அழுகை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓராண்டு ஆய்வு செய்ய உதவித்தொகை; சட்டப் பள்ளி முழுவதற்கும் ஒரே ஓர் இடம். வழிகாட்டியின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் விண்ணப்பத்தைக் கையால் தொட மாட்டார்கள். கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணி.

வழிகாட்டியான நம் பேராசிரியர் மசிகிற ஆளா? "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா. இப்ப நீ போயிட்டா என் கட்டுரையெல்லாம் என்னாகுறது?" என்று வாய் கூசாமல் கேட்டார். அவர் பெயரில் அச்சான பதினோரு கட்டுரைகளில் அவர் சொந்தமாக எழுதியது அந்தப் பெயரை மட்டும்தான். பன்னிரண்டாவது பாதியில் நிற்கிறது. விடுவாரா?

இன்றைக்குப் பாருங்கள், முகம் கழுவி, தலை வாரி, ஒரு கட்டுத் தாளோடு வந்து நிற்கிறாள்.

"கருத்தரங்கச் சான்றிதழ் சார். இருநூத்திப் பன்னிரண்டு பேரு கீழ காத்துட்டிருக்காங்க. ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்து..."

"நீ படிச்சா நான் படிச்ச மாதிரிதானே! தள்ளு இப்படி."

அவருக்கு ஏது நேரம்? ஒப்பந்தச் சட்டத்தில் மனிதர் புலி, அவரே சொல்லிக்கொள்வார். காலையில் கருத்தரங்கில் அவர் முழங்கிய காணொளி கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்தது. "படிக்காம கையெழுத்துப் போட்டவனைக் காப்பாத்த எந்தச் சட்டமும் வராது!" என்று திரையில் மேசையைத் தட்டினார். அரங்கமே கைதட்டியது. அந்த இடத்தை மட்டும் நான்கு முறை திருப்பிப் போட்டுக் காது குளிரக் கேட்டார்.

முதல் தாளிலேயே பேனா தகராறு செய்தது. உதறிவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அழுத்தி இன்னொரு முறை போட்டார். அப்புறம் கை தானாக ஓடியது. அவள் தாளை இழுக்க, இவர் கிறுக்க, அரை மணி நேரத்தில் கட்டு காலி.

"அழுது அடம் பிடிச்சு என்ன கண்ட? இப்படிச் சொன்ன பேச்சு கேட்டு நட. நல்லா வருவ" என்று புத்திமதியும் சொல்லி அனுப்பினார். அவளும் தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

ஐந்தரை மணிக்குத் தேர்வுக் குழுவின் தலைவி தொலைபேசியில் அழைத்தார். அம்மையாருக்குக் குரல் தழுதழுத்தது.

"சார், உங்க ஒப்புதல் கடிதத்தைக் குழுவுல சத்தமாவே படிச்சோம். 'என் பேர்ல வந்த பதினோரு கட்டுரையும் இந்தப் பொண்ணு எழுதினதுதான்'னு நீங்களே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே! யாருக்கு சார் வரும் இந்த மனசு? இடம் அவளுக்குத்தான். துணைவேந்தருக்கும் ஒரு நகல் அனுப்பியாச்சு. அவர் உங்களை உடனே பாக்கணுமாம்."

பேராசிரியர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினார். கீழே அவள் கடைசி ஆளுக்குச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! என் தலையிலயே மிளகாய் அரைச்சுட்டியே! இத்தனை தாளுக்கு நடுவுல சொருகியா கையெழுத்து வாங்குன? இது மோசடி! உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்கலைன்னா என்னன்னு கேளு!"

அவள் நிதானமாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நடுவுல எதுக்கு சார் சொருகணும்? மேலயேதான் இருந்துச்சு."