வலி வாங்கும் பட்டை

ஓட்டப் பயிற்சியில் பிள்ளைகளுக்குக் கால் வலிக்காது. பெற்றவரின் காலில் கட்டிய பட்டை அந்த வலியை வாங்கி அவருக்குத் தந்துவிடும். வலி மிஞ்சினால் அவர் பொத்தானை அமுக்கிப் பிள்ளையை நிறுத்த வேண்டும்.

மூட்டை தூக்கிப் பழகிய தவசிமுத்துவுக்குக் கெண்டைச்சதை இழுத்தது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நெருப்பாய் எரிந்தது. பொத்தானை அவர் தொடவேயில்லை.

"ஓடுறது நானு, நொண்டுறது நீங்களாப்பா?" என்று மகள் பூவிழி சிரித்தாள்.

"வயசாச்சுல்ல தாயி" என்றார்.

மாவட்டப் போட்டியில் முதலாவதாகக் கோட்டைத் தாண்டிய பூவிழி, அப்படியே மடங்கி விழுந்தாள். முன்னெலும்பு முறிந்திருந்தது. இனி ஓட முடியாது என்றார் மருத்துவர்.

"ஏம்ப்பா பொத்தானை அமுக்கல?"

"நான் தாங்கிக்கிட்டா போதும்னு நெனச்சேன் தாயி."

மருத்துவமனையில் பட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினால் வலி மகளுக்குப் போய்விடும். தவசிமுத்து தன் காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.